நாற்பத்தேழு கிலோ

மார்ச் 3

மாமாவுக்கு,

இந்தக் கடிதம் ஏன் உங்க பட்டறை விலாசத்துக்கு வருதுன்னு முழிக்காதீங்க. வீட்டுக்கு அனுப்பினா அக்கா பிரிச்சிடுவா. போன்ல பேசலாம்னா, அந்த ரெண்டு ரூம் வீட்டுல நீங்க 'ம்' கொட்டற தினுசுலயே அவளுக்குப் பாதி விஷயம் தெரிஞ்சிடும். மெசேஜ் அனுப்பலாம்னா உங்க போன் எப்பவும் அவ கையிலதான் இருக்கு. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்துல ஒரு ரகசியம்கூடக் காப்பாத்தத் தெரியாத மனுஷன் நீங்க. இதையாவது காப்பாத்துங்க.

மாமா, எனக்குக் கத்தணும் போல இருக்கு. காலைலேர்ந்து லேப்ல உட்காரவே முடியல. மூணு தடவை காபி மெஷின்கிட்டப் போயிட்டுக் காபி எடுக்காமத் திரும்பி வந்துட்டேன்.

நான் என்ன வேலை பார்க்கறேன்னு எத்தனை தடவை சொல்லியும் நீங்க எல்லார்கிட்டயும் "எலி வளர்க்கறா"ன்னுதான் சொல்றீங்க. இப்பவாவது கேளுங்க. அக்காவுக்கு வந்திருக்கற அதே வகைப் புத்துநோய்க் கட்டி. யாரோ ஒரு பொம்பளைகிட்டேர்ந்து ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி எடுத்த செல்லுங்க. அதைத்தான் நாங்க தட்டுல வளர்க்கறோம். சாதாரண செல் தனக்கு வேண்டிய கொழுப்பை ரத்தத்துல வர்றதுலேர்ந்து எடுத்துக்கும். இந்தத் திருட்டுக் கழுதைங்களுக்கு அது போதாது. கொழுப்பு தயாரிக்கற ஜீனையெல்லாம் முடுக்கி விட்டுட்டு, உள்ளேயே அடுப்பு வெச்சுத் தானே செஞ்சுக்குதுங்க. பிரிஞ்சு பிரிஞ்சு பெருகணுமில்ல? ஒவ்வொரு புது செல்லுக்கும் சுத்திச் சுவர் எழுப்பணும். அந்தச் சுவரே கொழுப்புதான்.

நான் என்ன பண்ணினேன்னா, அதுங்களுக்கு ஊத்தற சத்து நீர்லேர்ந்து கொழுப்பை மொத்தமா எடுத்துட்டேன். கூடவே உள்ள இருக்கற அடுப்பை அணைக்கற மருந்து ஒண்ணையும் போட்டேன். இன்னும் எந்தக் கடையிலயும் வராத மருந்து, லேப்ல மட்டும்தான் இருக்கு. ரெண்டே நாள் மாமா! முக்கால்வாசி செத்து மிதக்குது. நாலு தடவை எண்ணினேன்.

அக்காகிட்டச் சொல்லாதீங்க. நம்பிக்கை கொடுத்துட்டு அப்பறம் பிடுங்கற மாதிரி ஆயிடக்கூடாது. ஆனா யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு மண்டை வெடிச்சிடும். அதான் உங்ககிட்டச் சொல்றேன்.

சுண்டெலி


ஏப்ரல் 2

சுண்டெலிக்கு,

உன் கடுதாசியை மூணு தடவை படிச்சேன். முதல் தடவை ஒண்ணும் புரியல. ரெண்டாம் தடவை கொஞ்சம் புரிஞ்சுது. மூணாம் தடவை பென்சில் எடுத்துக்கிட்டுக் கோடு போட்டேன். ஒரு மாசம் பதில் போடலைன்னு கோவிச்சுக்காதே. சும்மா இருக்கலை. வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு.

நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். மெஷின் தறிகெட்டு ஓடுதுன்னா முதல்ல சப்ளையை நிறுத்து. அப்பறம் என்ன ஏதுன்னு பாரு. உன் கடுதாசியில இருக்கறதும் அதுதானே? கொழுப்பை நிறுத்தினே. செத்துது.

உன் கடுதாசி வந்த அன்னிக்கு சாயங்காலமே சமையலறையைக் காலி பண்ணிட்டேன். வெண்ணெய், எண்ணெய், பால், முட்டை, பாலாடைக்கட்டி, கடலை, எல்லாம் கீழ் வீட்டுக்குப் போயிடுச்சு. கீழ் வீட்டுக்காரிக்கு ஒரே கொண்டாட்டம். காலை, மதியம், ராத்திரி என்ன சாப்பிடணும்னு ஒரு தாள்ல கட்டம் போட்டு எழுதிச் சமையலறைக் கதவுல ஒட்டினேன். வேகவெச்ச உருளைக்கிழங்கு, வேகவெச்ச காய், சோறு, வெறும் ரொட்டி, ஆப்பிள். சமையல் நான்தான். உங்க அக்காகிட்ட டாக்டர் சொன்னாருன்னு சொல்லிட்டேன். நீ ரகசியம் காப்பாத்தச் சொன்னே, காப்பாத்தினேன்! அவளும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. உனக்கே தெரியும், உங்க அக்கா தான் தைக்கற ஜன்னல் திரைக்குத் துணி வெட்டறப்போ கத்தரிக்கோலை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு நான் சொன்னாலே ஒரு மணி நேரம் சண்டை போடுவா. இப்ப தட்டுல வெச்சதைச் சாப்பிட்டுட்டு "நல்லா இருக்கு"ங்கறா. உப்புகூடச் சரியாப் போடல நான்.

நீ பயப்படுவியோன்னு சொல்றேன். இளைக்கவே இல்ல. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆஸ்பத்திரில ரத்தம் எடுக்கறப்போ எடையும் பார்க்கறாங்க. போன மாசம் ஆரம்பத்துல நாற்பத்தேழு. அடுத்த செவ்வாயும் நாற்பத்தேழு. அதுக்கு அடுத்ததும் அதே. முந்தாநாள் நாற்பத்தேழு புள்ளி ஒண்ணு. ஆடாம அசையாம நிக்குது.

குளிர்தான் தாங்கல அவளுக்கு. எந்நேரமும் அந்தப் பழைய நீளக் கோட்டோடதான் இருக்கா. மோதிரம் கழன்று கழன்று விழுதுன்னு நூல் சுத்திப் போட்டுக்கறா. மருந்துனால விரல் மட்டும் மெலியும் போலிருக்கு.

வேற சேதி என்ன? என் டூல் பையில யாரோ கை வைக்கறாங்க. முதல்ல பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர் காணோம். அடுத்த வாரம் இருபத்திரெண்டு. இப்ப ஸ்க்ரூ ஸ்பானரும் போச்சு. பட்டறைல மீசைன்னு கூப்பிடுவோமே, எனக்கு அவன் மேலதான் சந்தேகம். பதினோரு வருஷமா என்கூட வேலை பார்க்கறவன், ஆனா அவன் ஒரு நாளும் சொந்த ஸ்பானர் வாங்கினதா நான் பார்த்ததில்ல.

உன் கடுதாசி வந்தப்பறம்தான் நான் ஒழுங்காத் தூங்கறேன். அதுக்காகவே உனக்கு ஒரு பெரிய கும்பிடு.

மாமா


ஏப்ரல் 8

மாமா,

நிறுத்துங்க. இந்த வரியைப் படிச்சதும் கடிதத்தைக் கீழே வெச்சுட்டு வீட்டுக்குப் போய் அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க. அப்பறமா வந்து மீதியைப் படிங்க.

ஐயோ மாமா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க! நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்! நான் எழுதினது ரெண்டு விஷயம். கொழுப்பையும் நிறுத்தினேன், மருந்தையும் போட்டேன். நீங்க பென்சில்ல கோடு போட்டப்போ முதல் பாதிக்கு மட்டும் போட்டுட்டீங்க. அதுவும் தட்டுல, மாமா. என் உள்ளங்கை அகலத் தட்டு. அதுல கை கால் இல்ல, குடல் இல்ல, பசி இல்ல.

இன்னொண்ணும் இருக்கு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமா இருக்கு. அவசரக் குடுக்கை நான், ரெண்டாம் நாளே எண்ணிட்டுக் குதிச்சுட்டேன். ஆறாம் நாள் வரைக்கும் காத்திருந்து பார்த்திருக்கணும். அதை இப்பதான் பண்ணினேன். கொழுப்பு இல்லாத தண்ணில மருந்து போடாம விட்ட தட்டுங்களை எடுத்துப் பார்த்தா, செல்லுங்க ஜம்முனு இருக்கு. கொழுப்பு தயாரிக்கற ஜீனோட வேகம் எட்டு மடங்கு ஏறியிருக்கு. கொழுப்பு தெரியறதுக்காக ஒரு சிவப்புச் சாயம் போடுவோம். ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சிவப்புச் சிவப்பாத் துளி, முன்னைவிட ஜாஸ்தி. வெளிலேர்ந்து வரலைன்னதும் அது பட்டினி கிடக்கல மாமா, அடுப்பைப் பெருசாக்கிக்கிச்சு. அதுக்குக் கொழுப்பு செய்யறதுக்குக் கொழுப்பு வேண்டாம். சர்க்கரை போதும். நீங்க அவிச்சுக் கொடுக்கற உருளைக்கிழங்கே போதும். பட்டினி கிடக்கறது அக்கா மட்டும்தான்.

நேத்து பொறுக்க மாட்டாமப் போன் பண்ணினேன். அக்காதான் எடுத்தா. எல்லாத்தையும் கொட்டிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள அவளே, "உங்க மாமா இப்பதான்டி நிம்மதியாத் தூங்கறாரு, நீ ஏதாவது சொல்லிக் குட்டையைக் குழப்பாதே"ன்னா. சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டுட்டு வெச்சுட்டேன். அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும்னு தெரியல.

வெண்ணெயைத் திரும்ப வாங்குங்க. முட்டை, பால், எல்லாமே. இன்னிக்கே.

சுண்டெலி


ஏப்ரல் 15

உயர்திரு ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாள் கிழிக்கப்படவில்லை.

இந்த மரியாதை எனக்கு வராது, சாதாரணமாவே எழுதறேன். நீ என்ன நெனச்சுக்கிட்டு இருக்கே? போன மாசம் ஒண்ணு சொல்லுவே, இந்த மாசம் அதைத் தூக்கிக் குப்பையில போடுவே, நான் ரெண்டுக்கும் தலையாட்டணுமா? உனக்கு அது தட்டு. இது போனா வேற தட்டு எடுப்பே. எனக்கு ஒரே ஒருத்திதான் இருக்கா.

அவ இளைச்சிருந்தா நானே நிறுத்தியிருப்பேன். நான் முட்டாள் இல்ல. நேத்தும் எடை பார்த்தாங்க, நாற்பத்தாறு புள்ளி ஒன்பது. ஆஸ்பத்திரி மெஷின், நர்ஸ் கையால எழுதினது. நீ அவ்வளவு தூரத்துல உட்கார்ந்துக்கிட்டுப் பட்டினி பட்டினின்னு கூப்பாடு போடறே. பட்டினி கிடக்கறவ எடை அப்படியே நிக்குமா? படிச்சவதானே, நீயே சொல்லு.

வாய்ப்புண் இருக்கு, நடக்கறப்போ சுவரைப் பிடிச்சுக்கறா. அதெல்லாம் மருந்து ஏத்தறதால. எல்லாருக்கும் அப்படித்தான்னு டாக்டரே சொன்னாரு.

சரி, நீ சொல்ற மாதிரியே வெச்சுக்குவோம். பாதிதான் பண்ணினேன்னு சொல்றேல்ல? அப்ப மீதிப் பாதியை அனுப்பு. அந்த மருந்து உன் லேப்லதானே இருக்கு? ஒரு சின்ன பாட்டில். யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். உன்கிட்ட நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. நீ படிக்கப் போறப்ப ரயிலடியில உன் பெட்டியைத் தூக்கிட்டு ஓடினவன் நான். இப்ப கேக்கறேன்.

பட்டறைலயும் நிம்மதி இல்ல. பைப் ரிஞ்ச் காணோம். அதுக்கப்பறம் சுத்தியல். கேட்டாச் சிரிப்பே, கைப்பிடியை மட்டும் பையில விட்டுட்டுத் தலையைக் கழட்டிட்டுப் போயிருக்கான். இப்படியும் ஒரு திருடன் உண்டா? மீசையை எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். அவன் என்கூடப் பேசறதில்ல இப்ப.

பாட்டிலை அனுப்பு. இல்லைன்னா எழுதாதே.


ஏப்ரல் 21

மாமா,

எழுதாதேன்னீங்க. எழுதறேன். நீங்க கிழிச்சுப் போட்டாலும் சரி.

வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பாட்டிலை எடுத்துக் கைக்குட்டைல சுத்திப் பையில போட்டேன். படி இறங்கி, காவலாளி மேஜையைத் தாண்டி, வாசல் வரைக்கும் போயிட்டேன். அவரு வழக்கம் போல, "சாப்பிடப் போறியாம்மா?"ன்னாரு. ஆமான்னேன். தெருவுல நின்னேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல, ரெண்டு பஸ் வந்துட்டுப் போச்சு. அப்பறம் திரும்பிப் போய் வெச்ச இடத்துலயே வெச்சுட்டேன்.

பயந்துதான் வெச்சேன், நல்லவளா இருந்ததால வெக்கல. அந்த மருந்தை எலிங்களுக்குக் கொடுத்தோம். பாதி எலிங்க திங்கறதையே விட்டுடுச்சு. மூக்குக்கு முன்னால வெச்சாலும் முகத்தைத் திருப்பிக்கிச்சு. ஒரு வாரத்துல தோலும் எலும்புமா ஆயிடுச்சு. கட்டி சின்னதாச்சு, வாஸ்தவம். கட்டியைத் தூக்கிட்டு நடக்க எலிதான் இல்ல. இதையா அக்காவுக்குக் கொடுப்பீங்க? நீங்க என் பெட்டியைத் தூக்கிட்டு ஓடினதை நான் மறக்கல மாமா. மறக்காததாலதான் இதை அனுப்ப மாட்டேன்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். பட்டினி கிடக்கறவ எடை அப்படியே நிக்குமான்னு கேட்டீங்க. நல்ல கேள்வி. ரெண்டு நாளா அதையேதான் யோசிச்சுட்டு இருக்கேன். நிக்காது. ஆறு வாரமா வேகவெச்ச உருளைக்கிழங்கு, மருந்து ஏத்தறாங்க, வாயெல்லாம் புண்ணு, மோதிரத்துக்கு நூல் சுத்தறா, எடை மட்டும் நூறு கிராமுக்கு மேல இப்படி அப்படி ஆகல. நல்லா இருக்கறவங்களுக்கே வாரத்துக்கு வாரம் அரைக் கிலோ ஆடும். எங்க லேப்ல ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வந்தா நாங்க சந்தோஷப்பட மாட்டோம். மெஷினைத்தான் முதல்ல சந்தேகப்படுவோம்.

ஆஸ்பத்திரி மெஷினை விட்டுட்டு வேற எதுலயாவது அவளை நிறுத்துப் பாருங்க. ஒரே ஒரு தடவை. கோட்டு இல்லாம, செருப்பு இல்லாம. அப்பவும் நாற்பத்தேழு காட்டினா நான் தோத்தேன்னு எழுதிக் கொடுக்கறேன், சாகற வரைக்கும் உங்க சமையல்ல தலையிட மாட்டேன்.

மே ரெண்டாம் தேதிக்குள்ள உங்ககிட்டேர்ந்து பதில் வரலைன்னா டாக்டருக்கு நானே போன் பண்ணுவேன். மிரட்டல்னு நெனச்சாலும் சரி.

சுண்டெலி


ஏப்ரல் 28

சுண்டெலிக்கு,

நாற்பத்திரெண்டு புள்ளி மூணு.

எப்படி எழுதறதுன்னு தெரியல. நடந்ததை நடந்தபடி எழுதறேன்.

லிஃப்ட் பெட்டிக்கு எதிரா இரும்புக் கட்டி தொங்கும். அதை நிறுக்கறதுக்கு எங்க பட்டறைல ஒரு பெரிய மெஷின் இருக்கு. ஞாயித்துக்கிழமை பட்டறைல யாரும் இருக்க மாட்டாங்க. ஆபீஸ் ஜன்னலுக்குத் திரை போடணுமாம், வந்து அளவெடுன்னு சொல்லி அவளைக் கூட்டிட்டுப் போனேன். வேலைன்னதும் முகமே மலர்ந்துடுச்சு. டேப்பை எடுத்துக்கிட்டு ஸ்டூல்ல ஏறணும், கோட்டு தடுக்குது. கழட்டி நாற்காலில போட்டா. அளவெல்லாம் எடுத்து முடிச்சதும், "இந்த மெஷின் சரியா ஓடுதான்னு பார்க்கணும், ஒரு நிமிஷம் ஏறேன்"னேன். அவ மெஷினைப் பார்த்தா. அப்பறம் கோட்டைப் பார்த்தா. அப்பறம் என்னைப் பார்த்துட்டுச் செருப்பைக் கழட்டிட்டு ஏறினா.

நான் மெஷினைத் திட்டினேன். பக்கத்துல தட்டினேன். அவளை இறக்கிட்டு நான் ஏறினேன். எழுபத்தொண்ணு, சரியாத்தான் காட்டுது. மறுபடி அவளை ஏத்தினேன். மறுபடி அதே.

கோட்டை எடுத்துக் கொடுக்கலாம்னு தூக்கினேன். என் கையைக் கீழே இழுத்துச்சு.

உள்பக்கம் துணிக்குள்ள பை தைச்சிருக்கா. அவ தையலைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே, வெளிலேர்ந்து ஒரு சுருக்கம்கூடத் தெரியாது. ஒண்ணொண்ணா எடுத்து மேஜை மேல வெச்சேன். பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர். இருபத்திரெண்டாம் நம்பர். ஸ்க்ரூ ஸ்பானர். பைப் ரிஞ்ச். சுத்தியல் தலை. ஒரு துணிப் பை நிறைய நட்டு. வாரம் ஒண்ணு, சுண்டெலி. எவ்வளவு இறங்கிச்சோ அவ்வளவுக்குப் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கா. கீழ் வீட்டுல ஒரு எடை மெஷின் இருக்காம், செவ்வாய் காலைல அங்க போய்ச் சரிபார்த்துட்டுத்தான் என்கூடக் கிளம்புவாளாம்.

நான் கத்தினேன். பொய் சொல்லல, நல்லாக் கத்தினேன். "என்னடி இது, எதுக்குடி இப்படிப் பண்ணினே"ன்னு. அவ அந்த ஸ்டூல்லயே உட்கார்ந்துட்டா.

"டாக்டர் சொன்னாருன்னு நீங்க சொன்ன மறுநாளே ஆஸ்பத்திரில சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்ற அம்மாகிட்டக் கேட்டுட்டேன். யாரு சொன்னா, எல்லாம் சாப்பிடு, வெண்ணெயை அள்ளிச் சாப்பிடுன்னாங்க."

"அப்பறம் ஏன் என் கண்றாவிச் சமையலைத் தின்னுக்கிட்டு இருந்தே?"

"நீங்க அந்தத் தாளை ஒட்டின அன்னிக்குத்தான் படுத்ததும் தூங்கினீங்க. அதுக்கு முன்னாடி ஒரு மாசமா விட்டத்தைப் பார்த்துக்கிட்டு கிடந்தீங்க. எனக்கு வந்ததை உங்களால ரிப்பேர் பண்ண முடியலைன்னு நீங்க தவிக்கறதைப் பார்க்க முடியல. ரிப்பேர் பண்றதா நெனச்சுக்கட்டும்னு விட்டேன். எடை இறங்கினது தெரிஞ்சா உங்களாலதான்னு உடைஞ்சு போயிடுவீங்க. அதான் முதல் வாரம் அந்தச் சின்ன ஸ்பானர். அதோட நின்னுடும்னு பார்த்தேன். நிக்கல."

நான் அழுதேன் சுண்டெலி. இரும்புக் கட்டிங்களுக்கு நடுவுல உட்கார்ந்து, ரெண்டு பேரும் அழுதோம்.

நேத்து ரெண்டு பேரும் போய் டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னோம். அவ தன் தப்பைச் சொன்னா, நான் என் தப்பைச் சொன்னேன். நர்ஸ் கண்ணுல தண்ணி. அப்பறம் எங்களை ஒரு பிடி பிடிச்சாங்க. மருந்து அளவை எடை பார்த்துத்தான் போடறாங்களாம், அது எனக்கு எப்படித் தெரியும்? நாற்பத்தேழுன்னு நெனச்சு ஏத்தின மருந்து இந்த உடம்புக்கு ஜாஸ்தி. அதனாலதான் வாய்ப்புண்ணு அவ்வளவு. ரத்தத்துலயும் எல்லாம் இறங்கிக் கிடக்கு. மூணு வாரம் மருந்து கிடையாது. அதுக்குள்ள உடம்பு தேறணும். இதுக்கு மேல ஒரு கிராம் இறங்கினாலும் மருந்தைத் தொடர முடியாதுன்னுட்டாரு டாக்டர்.

உன் பழைய கடுதாசியை மறுபடி எடுத்துப் படிச்சேன், அந்த எட்டு மடங்கு. இப்ப புரியுது. மொட்டை மாடித் தண்ணித் தொட்டிக்குள்ள ஒரு மிதவை கிடக்கும் பாரு. தொட்டி நிறைஞ்சா அது மேல வந்து மோட்டாரை நிறுத்திடும். இந்தச் செல்லுங்களுக்கு அந்த மிதவை கெட்டுப் போச்சு. நிறைஞ்சிருந்தாலும் மோட்டார் ஓடுது, காலியா இருந்தா இன்னும் வேகமா ஓடுது. சரியா? அப்படின்னா தொட்டியைக் காலி பண்ணினது நான்தான்.

நீ பாட்டிலைத் திரும்ப வெச்சதுக்கு நன்றி. நான் எழுதினதெல்லாம் மனசுல வெச்சுக்காதே.

மாமா


மே 3

மாமாவுக்கு,

மிதவை சரி. நாலு வருஷமா நான் பாடம் நடத்தியும் இவ்வளவு சுருக்கமாச் சொல்ல எனக்கு வந்ததில்ல.

தொட்டியைக் காலி பண்ணினது நீங்க மட்டும் இல்ல. ரெண்டாம் நாளே எண்ணிட்டுக் கடிதம் எழுதினவ நான். அடக்க மாட்டாம உளறிட்டு, உளறினதை நீங்க கேட்டதுக்கு உங்களைத் திட்டினேன். எங்க பெரியவங்க, அதாவது லேப் தலைவி, ஒரு வாரமா என்னைப் பார்க்கறப்பெல்லாம் "தூங்கினியா?"ன்னு கேக்கறாங்க. இல்லைன்னுதான் சொல்றேன்.

அக்கா மேல எனக்குக் கோவம் கோவமா வருது. சுத்தியல் தலை! கோட்டுக்குள்ள! நேர்ல பார்த்தா ரெண்டு அறை கொடுக்கணும், அப்பறம் விடாமக் கட்டிக்கணும்.

அந்தச் சாப்பாட்டு ஆலோசனை அம்மா சொல்றதை மட்டும் கேளுங்க, நான் சொல்றதைக்கூடக் கேக்காதீங்க. வாய்ப்புண்ணு இருக்கறவரைக்கும் பால்ல வெண்ணெய் போட்டு ஆற வெச்சுக் கொடுங்க. முட்டையை நல்லா வேகவெச்சு மசிச்சுக் கொடுங்க. ஒரே தடவையா ஊட்டாதீங்க, ரெண்டு மணிக்கொரு தடவை ரெண்டு வாய் போதும். சாப்பிடலைன்னா முகத்தைத் தொங்கப் போடாதீங்க. அந்த முகத்தைப் பார்க்க முடியாமத்தான் அவ இத்தனையும் பண்ணியிருக்கா.

மீசைகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?

எனக்கு இருபத்திநாலாம் தேதிலேர்ந்து பத்து நாள் லீவு. வர்றேன். மூணு வாரம் முடிஞ்சு எடை பார்த்ததும் எனக்கு எழுதுங்க. போன்ல சொல்லாதீங்க, கேக்கற தைரியம் எனக்கு இல்ல. நல்ல நம்பரோ கெட்ட நம்பரோ, உள்ள நம்பரை எழுதுங்க.

சுண்டெலி


மே 20

சுண்டெலிக்கு,

நேத்து போயிட்டு வந்தோம்.

காலைலேர்ந்து எனக்கு ஒரு இடத்துல இருப்பு கொள்ளல. டூல் பையை வீட்டுலயே வெச்சுட்டேன். அதைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குள்ள போகவே பயமா இருந்துச்சு, என் கையையே நம்ப முடியாத மாதிரி. கிளம்பறப்போ இவ மெதுவா, "ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு ஏறவா?"ன்னா. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அப்படியொரு சிரிப்பு வந்துச்சு, சிரிச்சுச் சிரிச்சு அவளுக்கு இருமலே வந்துடுச்சு. குடிக்கல.

அதே நர்ஸ். "கோட்டு"ன்னு கையை நீட்டினாங்க. கொடுத்தா. "பை எல்லாம்"னாங்க. பையெல்லாம் வெளில இழுத்துக் காட்டினா, ரெண்டு கைக்குட்டையும் ஒரு நூல்கண்டும்தான் இருந்துச்சு. செருப்பைக் கழட்டிட்டு ஏறினா. நான் சுவர்ல ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன். என்ன படம்னு கேட்டாச் சொல்லத் தெரியாது.

நாற்பத்திரெண்டு புள்ளி ஆறு.

முந்நூறு கிராம்! மூணு வாரமா பால், வெண்ணெய், முட்டை, கடலை, கீழ் வீட்டுக்காரி கொண்டு வந்து கொடுத்த கேக் எல்லாம் சேர்த்து முந்நூறு கிராம்தான். இதுக்கா இவ்வளவுன்னு எனக்கு முகம் தொங்கிப் போச்சு. டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? "இறங்கல, ஏறியிருக்கு. அது போதும்"னாரு. ரத்தமும் பரவாயில்லையாம். வர்ற வாரத்துலேர்ந்து மருந்து, நாற்பத்திரெண்டு கிலோ உடம்புக்கு எவ்வளவு போடணுமோ அவ்வளவு. அவரு அந்த அளவை எழுதறப்போ இவ எட்டிப் பார்த்து, "சரியா எழுதிக்கோங்க டாக்டர், இது என் சொந்த எடை"ன்னா. அவரும் சிரிச்சுட்டாரு.

மீசைகிட்ட மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னாடியும்தான் கேட்டேன். மறுநாள் அவன் வீட்டுலேர்ந்து ஒரு டப்பா நெய் வந்துச்சு. சுத்தியலும் அவன்தான் கொடுத்திருக்கான். என்னோடதை எடுக்க முடியாது இப்ப. ஏன்னு சொல்றேன்.

பட்டறைலேர்ந்து வந்த அன்னிக்கு அந்த ஆறு சாமானையும் சமையலறை மேஜைல வரிசையா வெச்சோம். பையில போடக் கை வரல எனக்கு. கதவுல ஒட்டியிருந்த தாளுக்குப் பதிலா இப்ப இந்த இரும்பு. இவதான் சொன்னா, "எது எது எவ்வளவு கனமோ, அவ்வளவு எடை எனக்குத் திரும்ப வந்தா அதை நீங்க எடுத்துக்கலாம்"னு. நான் தமாஷுக்குச் சொல்றான்னு நெனச்சேன். நேத்து ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழட்டல, நேராப் போய் மேஜை முன்னால நின்னா. ஒவ்வொண்ணாக் கையில தூக்கிப் பார்த்தா.

முந்நூறு கிராம் தேறற அந்தப் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானரை எடுத்து என் பையில போட்டா. இன்னிக்கு அதை வெச்சுத்தான் வேலை பார்த்தேன்.

மீதி அஞ்சு மேஜை மேலயே இருக்கு. நீ வர்றப்போ காலி இடம் இல்லைன்னு தள்ளி வெச்சுடாதே.

மாமா